வீட்டுக்குள் வரையப்பட்ட பெண்: உள்ளறை ஓவியங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வார இறுதிகளில் ஓர் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். அங்கே வரையச் சொல்லித்தருவதில்லை, பார்க்க மட்டும்தான். கல்லூரி மாணவிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வருகிற ஒன்றிரண்டு வியாபாரிகள் என்று கலவையான கூட்டம். வீட்டின் உட்புறத்தையும் அதில் இருக்கும் பெண்களையும் காட்டும் படங்களைத் திரையில் போட்டாலே விவாதம் சூடாகிவிடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. சில பதில்கள் நீளம். சில கேள்விகளுக்கு நீளம் தேவைப்படவில்லை.

உள்ளறை ஓவியம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அடுப்படி, கூடம், படுக்கையறை, முற்றம், தாழ்வாரம் என வீட்டுக்குள் நடக்கும் அன்றாடத்தை வரைந்த படங்களை. அரச சபையும் கோயில் மண்டபமும் இதில் சேராது. ஆளே இல்லாத வெற்று அறை சேரும். டென்மார்க்கின் ஹமர்ஷாய் 1900 வாக்கில் கோபன்ஹேகனில் தான் குடியிருந்த வீட்டின் அறைகளையே மறுபடி மறுபடி வரைந்தார். அவற்றில் ஆள் இருந்தால் பெரும்பாலும் அவர் மனைவி ஈடாதான், அதுவும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

வீட்டைப் பற்றிய ஓவியம் ஏன் உடனே பெண்களைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது?

அந்தப் படங்களை வாங்கியவர்கள் அப்படித்தான் விரும்பினார்கள். ஐரோப்பாவில் வீடு ஒரு தனி ஓவியப் பொருளாகத் தழைத்தது 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில். சீர்திருத்தத் திருச்சபை வந்தபின் தேவாலயங்கள் படம் வரையச் சொல்வது நின்றுபோனது. வணிகத்தில் காசு பார்த்த குடும்பங்கள் தங்கள் வீட்டுச் சுவருக்கு ஏற்ற சின்னச் சின்னப் படங்களை வாங்கத் தொடங்கின. வீட்டில் மாட்ட வீட்டுப் படம்! தங்கள் குடும்பம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்களோ அதையே படத்திலும் பார்க்க ஆசைப்பட்டார்கள்.

பீட்டர் டி ஹூக் 1663இல் வரைந்த ஒரு படம் ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு பெண்கள் பெரிய மர அலமாரி முன்னால் நின்று, மடித்த வெள்ளைத் துணிகளை எண்ணி அடுக்குகிறார்கள். பின்னால் ஒரு குழந்தை கோலும் பந்தும் வைத்து விளையாடுகிறது. அதற்கும் பின்னால் திறந்த கதவு, கதவுக்கு அப்பால் தெரு. பெண்கள் உள்ளே, உலகம் வெளியே, நடுவில் ஒரு நிலைப்படி. அந்தக் காலத்தில் வெள்ளைத் துணி விலை உயர்ந்த சொத்து. அதன் சாவி வீட்டுக்காரி கையில் இருப்பது அவளுக்கு அதிகாரம், கூடவே அவளுடைய எல்லையும் அதுதான். இரண்டையும் அந்தப் படம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. நிக்கோலாஸ் மாஸ் 1655இல் வரைந்த படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. வேலைக்காரப் பெண் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். கழுவாத பாத்திரம் தரையில் கிடக்கிறது, பின்னால் பூனை கோழியைத் தூக்குகிறது. வீட்டு எஜமானி நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவளைக் கைகாட்டுகிறாள். ‘பாருங்க இவளை’ என்று நம்மையும் கூட்டுச் சேர்க்கிறாள். விடியற்காலையிலிருந்து உழைத்த பெண் அசந்து தூங்குகிறாள் என்று யாரும் வாசித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சிரிப்பு அங்கே இருக்கிறது என்பேன்.

டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ இல்லத்தரசியின் பெருமையைத்தானே சொல்கிறது?

அவள் இல்லத்தரசி இல்லை, வேலைக்காரப் பெண். 1658 வாக்கில் வரைந்த, ஒன்றரை அடி உயரம்கூட இல்லாத சின்னப் படம். மேசையில் காய்ந்த ரொட்டித் துண்டுகள், தரையில் கால் சூடாக்கும் பெட்டி, மஞ்சள் மேல்சட்டை, நீல ஏப்ரன், மெல்லிசாக இறங்கும் பால். வேலைக்காரியை இவ்வளவு கண்ணியமாக வரைந்தது அன்றைக்குப் புதுசு. மாஸின் படத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும்.

வெர்மீரின் வீட்டுக் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். நம் ஊர்க் கணக்கில் அவர் வீட்டோடு மாப்பிள்ளை. 1660 வாக்கில் அவரும் மனைவி காத்தரீனாவும் மாமியார் மரியா தின்ஸின் வீட்டில்தான் குடியிருந்தார்கள். அந்த மாமியார், அடித்துக் கொடுமைப்படுத்திய கணவரிடமிருந்து 1641இல் சட்டப்படி பிரிந்து வந்தவர், சொந்தச் சொத்துள்ளவர். அவருடைய மகன் வில்லெம், நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த தன் சகோதரி காத்தரீனாவைக் கம்பால் தாக்கினான் என்று 1666இல் பதிவான வாக்குமூலம் இருக்கிறது. சாட்சி சொன்னவர்களில் அந்த வீட்டு வேலைக்காரப் பெண் டானெக்கேயும் ஒருவர். குறுக்கே நின்று தடுத்ததும் அவர்தான்.

ஆக, உலகத்திலேயே அமைதியான உள்ளறைப் படங்கள் பல அடிதடி நடந்த ஒரு வீட்டில் வரையப்பட்டவை. 1675இல் வெர்மீர் கடனோடு இறந்தார். ரொட்டிக் கடைப் பாக்கி 617 கில்டருக்கு இரண்டு ஓவியங்களைக் கடைக்காரரிடம் கொடுத்துச் சமாளித்தது காத்தரீனா. 15 பிரசவம் பார்த்த உடம்பு அது. அந்த வீட்டின் பிள்ளைக்கூட்டம் வெர்மீரின் உள்ளறைகளில் எங்கேயும் தென்படாது.

அப்படியானால் இந்தப் படங்கள் அந்தக் காலத்து வீடுகளின் உண்மையான பதிவு இல்லையா?

பாதிதான். டச்சுப் படங்களில் கருப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பளிங்குத் தரையை நிறையப் பார்ப்பீர்கள். நிஜத்தில் சாதாரண வீடுகளில் அது மிக அரிது. மரப்பலகைத் தரைதான் வழக்கம். பழைய போட்டோ ஸ்டுடியோவில் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரைக்கு முன்னால் நம் தாத்தா பாட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்களே, அந்த மாதிரி. அந்தப் படிக்கட்டு அவர்கள் வீட்டில் கிடையாது. ஆனால் அது வேண்டும் என்று ஆசைப்பட்டது நிஜம். ஓவியத்தை அந்த ஆசையின் சாட்சியாக எடுத்துக்கொண்டால் ஏமாற மாட்டோம்.

பெண்களே தூரிகை எடுத்தபோது என்ன மாறியது?

நிறைய மாறியது. நான் அதிகம் மல்லுக்கட்டுகிற கேள்வியும் இதுதான்.

யூடித் லெய்ஸ்டரிடமிருந்து தொடங்கலாம். ஹார்லெம் நகரத்தில் 1633இல் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரான பெண். 1631இல் அவர் வரைந்த ஒரு சின்னப் படத்தில், இரவில் விளக்கொளியில் ஒருத்தி தைத்துக்கொண்டிருக்கிறாள். தோளுக்குப் பக்கத்தில் ஓர் ஆண் குனிந்து, கை நிறையக் காசு நீட்டுகிறான். அவள் நிமிரவே இல்லை. அதே காலத்து ஆண் ஓவியர்கள் இந்தக் காட்சியைச் சிரிப்பும் கும்மாளமுமாக வரைவார்கள், பெண்ணும் காசைப் பார்த்துச் சிரிப்பாள். லெய்ஸ்டரின் பெண்ணுக்கு அந்த அறையில் மூச்சு முட்டுகிறது. 1636இல் இன்னொரு ஓவியரை மணந்தபின் லெய்ஸ்டர் வரைந்தது மிகக் குறைவு. இறந்த பிறகு அவர் படங்கள் ஃபிரான்ஸ் ஹால்ஸ் பெயரிலும் மற்றவர்கள் பெயரிலும் விற்கப்பட்டன. 1893இல்தான் பெயர் மீண்டும் வெளியே வந்தது.

அடுத்து 19ஆம் நூற்றாண்டு பாரிஸ். பெர்த் மோரிசோவும் மேரி கசாட்டும் தாய், குழந்தை, தேநீர் மேசை என்று வரைந்ததைப் பார்த்துவிட்டு ‘பெண்கள்னா மென்மையான விஷயம்தான் வரைவாங்க’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆண் ஓவியர்களான மானேயும் டெகாவும் போன மதுக்கடைக்கும் நடன அரங்கின் பின்கட்டுக்கும் ஒரு குடும்பப் பெண் தனியாகப் போக முடியாது. அரசு ஓவியப் பள்ளியின் கதவு பெண்களுக்குத் திறந்ததே 1897இல்தான். கையெட்டும் தூரத்தில் இருந்தது வீடு, அதனால் வீட்டை வரைந்தார்கள். கலை வரலாற்றாளர் கிரிசெல்டா பொல்லாக் 1988இல் இதை விரிவாக எழுதினார். அதன்பின் இந்தப் படங்களைப் பார்க்கும் விதமே மாறியது.

மோரிசோவின் ‘தொட்டில்’ 1872இல் வரையப்பட்டது. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவருடைய அக்கா எட்மா. இருவரும் சேர்ந்து ஓவியம் கற்றவர்கள். 1869இல் கல்யாணமானதும் எட்மா தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், கன்னத்தில் கை வைத்திருக்கும் அந்த முகத்தில் பாசம் மட்டும் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோர்வும் யோசனையும்கூட இருக்கின்றன.

இதைவிட என்னை உலுக்கியது 1880 வாக்கில் மோரிசோ வரைந்த பால்தாய் படம். அவருடைய மகள் ஜூலிக்குப் பால் கொடுக்கக் கூலிக்கு அமர்த்திய பெண் தோட்டத்தில் உட்கார்ந்து பாலூட்டுகிறாள். எதிரே தாய் நின்று வரைகிறாள். தாய்மை என்று பார்க்கிறவர்கள் உருகும் காட்சியில் இரண்டு பெண்களும் வேலையில் இருக்கிறார்கள், அதில் ஒருத்தி சம்பளத்துக்கு. அவளுடைய சொந்தக் குழந்தை எங்கே, அதற்கு யார் பால் கொடுத்தார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது.

நம் மரபில் இப்படி வீட்டுக்குள் பார்க்கும் பார்வை உண்டா?

உண்டு, ஆனால் ஓவியத்தில் தேடுவதைவிடச் செய்யுளில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். நெடுநல்வாடையில் அரசன் பாசறையில் இருக்கிறான், அரசி அந்தப்புரக் கட்டிலில் தூக்கமில்லாமல் கிடக்கிறாள். கட்டிலுக்கு மேலே கட்டிய திரைச்சீலையில் வானத்தை எழுதியிருக்கிறார்கள். அதில் திங்களை விட்டுப் பிரியாத உரோகிணியைப் பார்த்து அவள் பெருமூச்சு விடுகிறாள். உள்ளறையில் ஒரு பெண், அவள் தலைக்கு மேலே ஓர் ஓவியம், அந்த ஓவியத்தில் அவளுக்குக் கிடைக்காத வாழ்க்கை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழில் இந்தப் பக்கத்தின் தலைப்பு முழுக்க அடங்கிவிடுகிறது.

தஞ்சாவூர் ஓவியத்தில் தூண்களும் திரைகளும் உள்ள மண்டபத்தில் வெண்ணெய்க் கண்ணனும் யசோதையும் இருப்பார்கள். அதை வீடு என்று கொள்ளலாம் என்றாலும் அங்கே அடுப்பு எரிவதில்லை. பீகாரின் மிதிலையில் கதை வேறு. மணமக்கள் அறையின் சுவரில் வீட்டுப் பெண்களே வரைந்தார்கள். 1960களின் வறட்சியில்தான் அந்தப் படங்கள் சுவரிலிருந்து காகிதத்துக்கு மாறி வருமானமாயின. வீட்டைப் பற்றி வரைவதற்குப் பதில் வீட்டின் மேலேயே வரைந்த பெண்கள் அவர்கள்.

கல்கத்தாவின் சுனயனி தேவியையும் விடக் கூடாது. தாகூர் குடும்பத்துப் பெண், பள்ளி சென்று ஓவியம் படித்தவரில்லை. முப்பது வயதை ஒட்டி, வீட்டு நிர்வாகத்துக்கு நடுவே வரையத் தொடங்கினார். 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளி ஓவியங்கள் கல்கத்தாவுக்கு வந்த கண்காட்சியில் இவர் படங்களும் இருந்தன.

ரவிவர்மாவின் பெண்கள்?

‘அதோ அப்பா வருகிறார்’ என்று பொருள்படும் தலைப்பில் 1893இல் அவர் வரைந்த படத்தை எடுத்துக்கொள்வோம். அவருடைய மகள் மகாபிரபா கைக்குழந்தையோடு நின்று, படத்துக்கு வெளியே யாரையோ காட்டுகிறார். காலடியில் நாயும் அதே திசையைப் பார்க்கிறது. கேரள உடையும் கேரள வீடும். மருமக்கள்தாயத்தில் வீடு தாய்வழியில் வரும். கணவன் அங்கே வந்து போகிறவர். ஆனால் படத்தில் எல்லோரும், நாய் உட்பட, அப்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள். தாய்வழி உரிமையை எப்படி மாற்றுவது என்று மலபாரில் விவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1896இல் திருமணச் சட்டமும் வந்தது. வீடு அவளுடையது, படத்தின் மையமோ இன்னும் வந்து சேராத ஆண். ரவிவர்மா இதை யோசித்து வரைந்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை, படம் அப்படி யோசிக்கிறது.

அப்புறம் அச்சகம். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள். பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ஆக, நம் வீட்டுப் பெண்கள் ஓவியத்துக்குள் போவதற்கு முன்பே ஓவியப் பெண் நம் வீட்டுக்குள் வந்து சுவரில் உட்கார்ந்துவிட்டாள். செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் தை மாதம் கொடுக்கும் காலண்டரில் இன்றும் அவள்தான். நகை கலையாமல், சேலை கசங்காமல் இருக்கும் அவளோடு ஒப்பிட்டுத்தான் ‘வீட்டு மகாலட்சுமி’ என்கிறோம்.

மைசூரில் இருக்கும் விளக்கேந்திய பெண் படம் ரவிவர்மா வரைந்ததுதானே?

இல்லை. எஸ். எல். ஹல்தன்கர் 1940களின் நடுவில் வரைந்த நீர்வண்ண ஓவியம் அது. விளக்கை ஏந்தி, காற்றில் அணையாமல் கையால் மறைத்து நிற்பவர் அவருடைய மகள் கீதா. 2018இல் 102 வயதில் காலமானார். படம் ஜெகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இதன் பிரதி உண்டு, எல்லோருமே ரவிவர்மா என்றுதான் சொல்வார்கள்.

அம்ரிதா ஷெர்கில் படங்களில் பெண்கள் ஏன் இவ்வளவு சோகமாக இருக்கிறார்கள்?

அது சோகம் என்பதைவிட அலுப்பு என்றால் சரியாக இருக்கும். அவர்கள் காத்திருக்கிறார்கள், எதற்கு என்பது அவர்களுக்கும் தெரியாத மாதிரி. 1935இல் வரைந்த ‘மூன்று பெண்கள்’ படத்தில் மூவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, நம்மையும் பார்ப்பதில்லை. 1936-37இல் அஜந்தாவையும் கொச்சி மட்டாஞ்சேரிச் சுவரோவியங்களையும் பார்த்தார், கன்னியாகுமரி வரை வந்தார். அந்தப் பயணத்துக்குப் பின் ‘மணமகள் அலங்காரம்’ வந்தது. 1940இல் கட்டிலில் சிவப்பு உடையில் படுத்திருக்கும் பெண்ணையும் பக்கத்தில் விசிறியோடு இருக்கும் பணிப்பெண்ணையும் வரைந்தார். ஒரே அறை, ஒருத்திக்கு வேலை இல்லாத அலுப்பு, இன்னொருத்திக்கு வேலையின் அலுப்பு. மறுவருடம் 28 வயதில் இறந்துபோனார். 1938இல் வரைந்த ‘பெண்கள் பகுதியில்’ 2021 ஏலத்தில் 37.8 கோடி ரூபாய்க்குப் போனது.

ஓவியர் இளையராஜாவின் படங்கள் நம் கிராமத்துப் பெண்களை உள்ளபடி காட்டுகின்றனவே?

கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, 2021 ஜூனில் கொரோனாவுக்குப் பலியானவர். ஓட்டு வீட்டின் இருட்டில் வாசல் வழியே வரும் ஒரு கீற்று வெளிச்சம், அதில் ஒரு பெண். வாட்சப்பில் இவை புகைப்படம் என்றே சுற்றின. கருத்த நிறப் பெண்ணை முகப்பவுடர் பூசாமல், அழகி என்று தயங்காமல் முன்னால் நிறுத்தினார். காலண்டர் லட்சுமிக்குப் பழகிய கண்களுக்கு அது பெரிய மாற்றம்.

எனக்கு ஒரு குறை உண்டு. அவருடைய அடுப்படிகளில் புகை கண்ணில் ஏறுவதில்லை. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்க்கிறார்கள். அழகு சரி, ஆனால் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வெளிச்சக் கீற்று முழுக்கப் புகையாகத்தான் நினைவிருக்கும். வகுப்பில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

சேலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நான் இந்த விஷயத்துக்குள் வந்ததே சேலத்து வீடுகளால்தான். அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை, அந்தப் பக்கம் இளம்பிள்ளை என்று நெசவு வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். கூடத்தில் பாதி தறி, தறிக்குழி, மேலே தொங்கும் நாடா. மீதிப் பாதியில் சமையல், படிப்பு, தூக்கம். கொண்டலாம்பட்டி, சிவதாபுரம், பனங்காடு பக்கம் போனால் வெள்ளிப் பட்டறைகள். பல வீடுகளில் திண்ணையோ நடையோதான் பட்டறை. கொலுசுக்குக் கண்ணி கோக்கிற கையில் சாம்பார் வாசனையும் இருக்கும்.

டச்சுப் படங்களும் பாரிஸ் படங்களும் வீடு வேறு, வேலையிடம் வேறு என்று நமக்குப் பழக்கிவிட்டன. வீடு அமைதிக்கு, வெளி சம்பாத்தியத்துக்கு. பெண் உள்ளே, ஆண் வெளியே. சேலத்து நெசவு வீட்டில் இந்தக் கோடு எங்கே போட முடியும்? ஆணும் வெளியே போவதில்லை. அப்படியும் படிநிலை இருக்கிறது. அது வாசற்படியில் இல்லாமல் கூடத்துக்குள்ளேயே ஓடுகிறது.

இதை ஓவியத்தில் எனக்குக் காட்டியவர் வான்கோ. 1884இல் நூனென் என்ற டச்சுக் கிராமத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தபோது, அங்கே வீட்டிலேயே தறி வைத்திருந்த நெசவாளர்களை அடுத்தடுத்து வரைந்தார். கூண்டு மாதிரி தறி, அதற்குள் ஆண். ஒரு சித்திரத்தில் தறிக்குப் பக்கத்திலேயே உயர நாற்காலியில் குழந்தை. நூல் சுற்றும் பெண்ணைத் தனியாக, வேறு படங்களில் வரைந்தார். அம்மாபேட்டையிலிருந்து வரும் மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தறியில் இன்று பெண்ணும் உட்காருகிறார், ஆணும் உட்காருகிறார். ஆனால் தார் சுற்றுவது, அதாவது ஊடைநூலைச் சிறு குழலில் சுற்றித் தருவது, வீட்டுப் பெண்களின் வேலை, அதிலும் பாட்டிகளின் வேலை. கூலியோ ஒரு சேலைக்கு இவ்வளவு என்று வரும். தார் சுற்றியதற்குத் தனியாகக் கூலி வருவதில்லை, சேலையின் கூலிக்குள் அது கரைந்துவிடும். ‘நெசவாளி’ என்றதும் மனதில் வரும் படத்தில் பாட்டி இருக்க மாட்டார்.

2019-20இல் எடுத்த நான்காவது தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவும் அதைச் சார்ந்த வேலைகளும் செய்கிறவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். ஆனால் தறியும் ஆளும் என்று யாரிடம் கேட்டாலும் ஓர் ஆணைத்தான் வரைந்து தருகிறார்கள். என் வகுப்பில் இதைச் செய்தும் பார்த்தேன். நெசவு வீட்டுப் பெண்கள்கூட அப்படித்தான் வரைந்தார்கள்.

ஏற்காட்டில் வரைய வருகிறவர்கள் எதை வரைகிறார்கள்?

ஏரி, பகோடா பாயின்ட், லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சேலம். மலைக்குப் போனால் எல்லோரும் வெளியேதான் பார்க்கிறார்கள், தப்பில்லை.

நான் மாணவர்களைப் பழைய எஸ்டேட் பங்களாக்களின் அமைப்பைக் கவனிக்கச் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், காக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் சேர்வராயன் மலையில் காப்பி வந்தது. பின்னாலேயே பங்களாக்களும் வந்தன. வெள்ளைக்காரர் பங்களாவில் சமையலறை பெரும்பாலும் தனிக் கட்டடம். புகையும் சத்தமும் வேலையாட்களும் கண்ணில் படாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. வரவேற்பறையில் உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்டுவது அந்தக் காலத்து ஆங்கிலேயக் குடும்பப் பெண்கள் கற்றுக்கொள்ளும் கலைகளில் ஒன்று. அவர்களும் ஜன்னல் வழியே தெரியும் மலையைத்தான் தீட்டினார்கள். காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் மாலையில் திரும்பிப்போகும் லைன் வீட்டின் உட்புறம் அந்த ஜன்னலில் தெரியாது. லேடீஸ் சீட்டில் வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருவர் உட்கார்ந்து அந்தி பார்த்தார் என்று கதை சொல்வார்கள். மலைமேல் உட்காரக் கொடுத்துவைத்தவர் அவர்.

அந்தக் காலத்தில் பெண்கள் வீட்டில் நிம்மதியாகத்தானே இருந்தார்கள்? எல்லாவற்றிலும் அடக்குமுறையைத் தேட வேண்டுமா?

நிம்மதியாக இருந்தவர்களும் உண்டு. சாவிக்கொத்து வைத்து வீட்டையே ஆண்ட மாமியார்களும் உண்டு, அவர்களிடம் சிக்கிய மருமகள்களும் உண்டு. ஓவியங்கள் எதையும் தனியாக நிரூபித்துவிடாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘நிம்மதி’ என்ற சொல்லுக்குக் கணக்கு ஒன்று வைத்துப் பார்க்கலாம். இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் தரப்படும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்ததும் இந்த வேலையை மனதில் வைத்துத்தான். ஆயிரம் போதுமா என்பது வேறு சண்டை.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: படத்தில் இருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது? தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்தது 1989இல், அதுவும் அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்கு மட்டும். அதற்கு முன் வரையப்பட்ட எந்தக் கூடத்தையும் இந்தக் கேள்வியோடு பார்த்தால் படத்தின் நிறமே கொஞ்சம் மாறும்.

ஒரு படத்தைப் பார்க்கும்போது எதை முதலில் கவனிக்க வேண்டும்?

கையை. முகத்தை அப்புறம் பார்க்கலாம். யார் கை வேலை செய்கிறது, யார் கை சும்மா இருக்கிறது என்று பார்த்தால் அந்த அறையின் ஆட்சி பாதி விளங்கிவிடும். பிறகு கதவும் ஜன்னலும்: திறந்திருக்கிறதா, அதற்கு அருகில் யார், வெளிச்சம் யார் மேல் விழுகிறது. நாற்காலியில் யார், தரையில் யார் என்பது நம் நாட்டுப் படங்களில் சாதியையும் சொல்லும். அதைப் பேசாமல் தாண்டிவிட வேண்டாம். அறையில் இருந்தாக வேண்டிய, ஆனால் படத்தில் இல்லாத ஆள் யார் என்றும் யோசியுங்கள். கடைசியாக, இந்தப் படத்தை யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று தேடுங்கள்.

இதை வைத்துக் கல்லூரி ஆய்வுக் கட்டுரை எழுதலாமா?

தாராளமாக. ஆனால் ‘உலக ஓவியங்களில் பெண்கள்’ என்று எடுக்காதீர்கள், மூச்சு வாங்கும். இரண்டே படம் போதும். டி ஹூக்கின் துணி அலமாரியைத் தன் பாட்டி வீட்டுப் பீரோவின் புகைப்படத்தோடு வைத்து எழுதிய ஒரு கட்டுரை இதுவரை எனக்கு வந்ததில் மிக நன்றாக இருந்தது. பாட்டியிடம் பேச்சுக் கொடுத்து எழுதியதால்தான். வீட்டுப் பெண்களைப் படம் எடுத்தால் அனுமதி கேட்டு எடுங்கள், எடுத்ததை அவர்களுக்குக் காட்டுங்கள்.

இந்தப் படங்களை எங்கே பார்ப்பது?

ரவிவர்மாவுக்குச் சேலத்திலிருந்து வசதியானது மைசூர். ஜெகன்மோகன் அரண்மனையில் அவருடைய படங்களும் ஹல்தன்கரின் விளக்கேந்திய பெண்ணும் ஒரே இடத்தில். திருவனந்தபுரத்திலும் ரவிவர்மா தொகுப்பு இருக்கிறது. ஷெர்கிலுக்கு டெல்லி தேசிய நவீன ஓவியக்கூடம். டச்சுப் படங்களுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை: ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் தொகுப்பை மிகத் துல்லியமான படங்களாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது, பதிவிறக்கமும் செய்யலாம். போனில் பார்க்காமல் கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள். பால் ஊற்றும் பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பெரிதாக்கினால் ஆணியும், ஆணி பிடுங்கிய ஓட்டைகளும் தெரியும்.